கசப்பு மருந்தாகிவிடாது

கூலிமிலும் சுங்கை பட்டாணியிலும் நடக்கும் பிறந்தநாள் விருந்துகளில், பட்டர்வொர்த் ஹோட்டல் கல்யாணங்களில், விஸ்கிக்குப் பக்கத்தில் இப்போது சிவப்பாக ஒரு புட்டி நிற்கிறது. காம்பாரியாக இருக்கும், இல்லையென்றால் ஆரஞ்சு நிற அபெரோல். ஊற்றித் தருகிறவர் கூடவே ஒரு சிபாரிசும் செய்கிறார்: “இது மத்த தண்ணி மாதிரி இல்ல மாமா. மூலிகை. சாப்பாட்டுக்கு முன்ன ஒரு கிளாஸ் போட்டா நல்லா பசிக்கும், வயித்துக்கும் நல்லது.” இனிப்புநீர் உள்ளவருக்கும் அதே கிளாஸ்தான் நீட்டப்படுகிறது. கசப்புதானே, ஒன்றும் செய்யாதாம்.

இப்படிச் சொல்கிறவர்களின் வாதத்தை அதன் முழு பலத்தோடு முன்வைக்கிறேன். கசப்பு பசியைத் தூண்டும் என்பது நம் அடுப்படிக்கே தெரிந்த விஷயம். சுண்டைவற்றலும் வேப்பம்பூ ரசமும் பாகற்காயும் அதற்குச் சாட்சி. இந்த மதுக்களில் பல, மருந்தாகவே பிறந்தவை. கசப்பானதை மடமடவென்று குடிக்க முடியாது, ஆகவே போதை தலைக்கேறாது. சர்க்கரை நோய்க்குக் கசப்பு பகை. எல்லாவற்றுக்கும் மேலாக, தோட்டத்தில் குடித்து அழிந்த தலைமுறையின் மலிவுச் சாராயமான சம்சுவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இது படித்தவர்களின் நிதானமான குடி.

இதில் ஒவ்வொரு துண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. சேர்த்துக் கட்டிய முடிவில்தான் பொய் இருக்கிறது. கெடாவின் செர்டாங் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு அந்தப் பொய் புதிதல்ல.

ஒன்று: கசப்பு என்பது ஒரு சுவை. மருந்து என்பது ஒரு செயல். இரண்டையும் ஒன்றாக்கியது யார்? மனித நாக்கில் கசப்பை உணரும் ஏற்பிகள் ஏறத்தாழ 25 வகை. நஞ்சுள்ள செடிகளை அடையாளம் காண உடல் வைத்திருக்கும் காவல் அது. கசப்பு பட்டதும் எச்சில் ஊறுவது உண்மை. ஆனால் அந்த எச்சில் சுண்டைவற்றலுக்கும் ஊறுகிறது. நிலவேம்புக் கஷாயத்துக்கும், மலாய்க்காரர் அதே செடியைக் காய்ச்சிக் குடிக்கும் ஹெம்பெடு பூமிக்கும் ஊறுகிறது. அவற்றில் சாராயம் இல்லை. கசப்பு செய்கிற வேலையைக் கசப்பே தனியாகச் செய்துவிடும் என்றால், புட்டியிலுள்ள 25 சதவீதச் சாராயத்துக்கு அங்கே என்ன வேலை? அதற்கும் ஒரு வேலை இருக்கிறது: உணவுக்கு முன் குடிக்கும் மது, கசப்போ இனிப்போ, சாப்பாட்டின் அளவைக் கூட்டும். மேசையில் பசி கிளம்புவதைப் பார்த்துவிட்டு மூலிகைக்கு நன்றி சொல்கிறோம்.

கொயினாவையும் இங்கேயே பேசிவிடலாம். டானிக் தண்ணீரிலும் சில கசப்பு மதுக்களிலும் சிங்கோனா மரப்பட்டையின் சாரமான கொயினா இருக்கிறது. மலேரியாவைத் தீர்த்த பட்டை அதுதான். அமெரிக்க விதிப்படி டானிக் தண்ணீரில் லிட்டருக்கு 83 மில்லிகிராமுக்கு மேல் கொயினா இருக்கக் கூடாது. மலேரியா கண்ட வளர்ந்த ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 2 கிராம் வேண்டும். கணக்குப் போட்டால் நாளொன்றுக்கு 24 லிட்டர் டானிக். மருந்தின் ருசி இருக்கிறது, மருந்தின் அளவு இல்லை. ருசிக்கும் அளவுக்கும் நடுவில் உள்ள இந்தத் தூரத்தைத்தான் விற்பனைப் பேச்சு மறைக்கிறது.

இரண்டு: “டாக்டர் கண்டுபிடித்தது” என்பது ஒரு தொடக்கக் கதை, இன்றைய பயன்பாட்டுக்கு அது சாட்சி ஆகாது. அங்கோஸ்டுரா பிட்டர்ஸ் உண்மையிலேயே ஒரு டாக்டரின் தயாரிப்பு. தென்னமெரிக்க விடுதலைத் தலைவர் பொலிவாரின் படையில் அறுவை மருத்துவராக இருந்த ஜெர்மானியர் சீகர்ட், 1824இல் வெனிசுவேலாவின் அங்கோஸ்டுரா நகரில் படைவீரர்களின் வயிற்றுக் கோளாறுக்காக அதை உருவாக்கினார். இன்று அந்தப் புட்டி சொட்டு விடும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது, 44.7 சதவீதச் சாராயம் உள்ள அதை வழக்கமாக யாரும் கிளாஸில் ஊற்றிக் குடிப்பதில்லை. காம்பாரியின் கதை வேறு. 1860இல் இத்தாலியின் நோவாராவில் அதை உருவாக்கிய காஸ்பாரே காம்பாரி பானத் தொழில்காரர். அபெரோல் 1919இல் படுவாவில், பார்பியேரி சகோதரர்களின் மதுத் தொழிலில் பிறந்தது. சீகர்ட்டின் வெள்ளைக் கோட்டை எடுத்து இவர்களுக்கு மாட்டுவது நியாயமில்லை. ‘சுத்த மூலிகை’ என்பதும் அப்படித்தான். காம்பாரியின் பேர்பெற்ற சிவப்பு நெடுங்காலம் காக்கினீல் என்ற பூச்சியை உலர்த்தி எடுத்த சாயம். 2006ஐ ஒட்டிப் பல நாடுகளில் செயற்கை நிறத்துக்கு மாறினார்கள்.

நம் மண்ணிலேயே இதற்கு ஒரு வரலாறு உண்டு. மலாயாத் தோட்டத் துரைமார்கள் கிளப்புகளில் சாயங்காலம் குடித்தது ஜின் பஹிட்: ஜின்னில் சில சொட்டு அங்கோஸ்டுரா. ஆங்கில எழுத்தாளர் சாமர்செட் மாமின் மலாயாக் கதைகளில் அது அடிக்கடி வரும். அதே காலத்தில் லயத்து ஜனங்களுக்கும் ஒரு கசப்பு கிடைத்தது: வரிசையில் நிறுத்தி வாயில் போட்ட கொயினா. மேல்தட்டில் கசப்பு நாகரிகம், கீழ்த்தட்டில் கசப்பு கட்டாயம். ஆனால் தோட்டங்களில் மலேரியாச் சாவைக் குறைத்ததில் பெரும்பங்கு கால்வாய்க்கு. 1901 முதல் கிள்ளானில் வேலை பார்த்த மால்கம் வாட்சன், சதுப்பு நிலத்து நீரை வடித்துக் கொசுவை ஒழித்துக் காட்டினார். துரையின் கிளாஸில் இருந்த கசப்பு யார் காய்ச்சலையும் தணிக்கவில்லை. இன்று பினாங்கு பார்களில் அந்தக் கிளப்புக் காலத்தை அலங்காரப்படுத்தி, மருத்துவக் குணத்தோடு சேர்த்து விற்கிறார்கள்.

மூன்று: “சம்சுவோடு இதை ஒப்பிடாதே” என்கிறவர்கள் சம்சு எப்படி விற்கப்பட்டது என்று தெரிந்துகொள்ள வேண்டும். சம்சு வெறும் போதையாக விற்கப்படவில்லை. மருந்தாகத்தான் விற்கப்பட்டது.

தோட்டத்து முனையில் இருந்த சீனக் கடையின் அலமாரியை நினைவிருக்கிறவர்கள் நினைத்துப் பாருங்கள். மண்ணெண்ணெய்த் தகரத்துக்கு மேல் தட்டில் உள்ளங்கையளவுப் புட்டிகள், 150 மில்லி சொச்சம். அந்த லேபிள்கள் சொன்னவை: மூட்டுவலி தீரும், உடம்புவலி போகும், செரிமானம் ஆகும், வயதானவர்களுக்குத் தெம்பு, பிள்ளை பெற்றவளுக்கு நல்லது. பினாங்கு பயனீட்டாளர் சங்கம், அதன் தலைவராக நெடுங்காலம் இருந்த எஸ்.எம். முகமது இட்ரிஸ் காலத்தில், இந்த லேபிள்களை எதிர்த்து ஆண்டுக்கணக்கில் போராடியது. அந்தச் சின்னப் புட்டியில் சாராயம் குறைந்தது 37 சதவீதம். விடியற்காலை ஐந்து மணிக்குப் பெரட்டுக்குப் போய், பால் வெட்டிவிட்டு அல்லது செம்பனைக் குலை சுமந்துவிட்டுத் திரும்பும் ஆளுக்கு முதுகு வலித்தது நிஜம். அந்த வலிக்கு ஓய்வும் நல்ல சாப்பாடும் ஒழுங்கான கிளினிக்கும் தேவைப்பட்டன. கைக்கெட்டியது ஒரு புட்டி மட்டும்தான். அதன் மேல் மருந்து என்று எழுதியிருந்தது. கசப்பும் காரமும் தொண்டையை எரிக்கும்போது ‘மருந்து வேலை செய்கிறது’ என்று அவர் நம்பினார். அவரைக் குடிகாரர் என்று இன்று எளிதாகச் சொல்கிறோம். அவர் வாங்கியது ஒரு வாக்குறுதியை.

அதற்கு முன் கள்ளுக்கும் இதே பேச்சுதான். கள்ளில் சத்து இருக்கிறது, விட்டமின் இருக்கிறது, அளவாகக் குடித்தால் கூலிக்காரன் உடம்புக்கு நல்லது என்று தோட்ட நிர்வாகங்கள் வாதாடின. கடை தோட்டத்துக்குள்ளேயே இருந்தது, அரசாங்க உரிமத்தோடு. கூலியாகக் கொடுத்த பணம் சாயங்காலமே கடைக்குத் திரும்பி வந்தது. அந்தச் ‘சத்துணவு’ வாதத்தை எதிர்த்துக் களத்தில் இறங்கியவர்கள் டாக்டர்களோ அதிகாரிகளோ இல்லை, நம் கெடா மாநிலத்துத் தோட்டத் தொழிலாளர்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு பீடோங் பக்கம் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமியின் தொண்டர் படை எழுந்தது. கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தது. 1947இல் அந்தக் கொந்தளிப்பு போலீஸ் தடியடியிலும் கைதிலும் முடிந்தது. அதே ஆண்டு செர்டாங்குக்கு வடக்கே, கூலிம் வட்டாரத்து டப்ளின் தோட்டத்தில் போலீஸ் சுட்டு ஒரு தொழிலாளி உயிரிழந்தார். குடி நம் ரத்தத்தில் ஊறியது என்று பேசுகிறவர்கள் அந்த மறியல்காரர்களைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. உடம்புக்கு நல்லது என்று சொல்லி விற்கப்பட்ட சாராயத்தை, ‘இது மருந்தில்லை’ என்று சொல்லித் தள்ளிய ஜனங்கள் அவர்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று அதே வாசகத்தை இத்தாலியப் புட்டிக்காகத் திருப்பிச் சொல்கிறார்கள். எனக்கு ஆத்திரம் வருவது இந்த இடத்தில்.

பேறுகாலத்தையும் சொல்லியாக வேண்டும். பிள்ளை பெற்றவளுக்கு பிராந்தி ஊற்றிக் கொடுத்த வீடுகள் எங்கள் லயத்தில் இருந்தன. சீனர் வீடுகளில் இன்றும் டோம் பெனடிக்டின் கொடுக்கும் வழக்கம் உண்டு. 40 சதவீதச் சாராயத்தில் ஊறிய மூலிகை அது. தாய் குடித்த மது தாய்ப்பாலுக்குப் போகிறது. பால் சுரந்து இறங்க உதவும் ஆக்சிடோசினையும் அது தடுக்கிறது. பால் ஊறட்டும் என்று அன்பாக நீட்டிய கைதான் பாலைக் குறைத்தது. அந்த அன்பைக் குறை சொல்லவில்லை. மருந்து என்ற பெயர் அந்த அன்பை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைத்தான் சொல்கிறேன்.

நான்கு: “மெதுவாகக் குடிப்பது, போதை ஏறாது” என்றால் அளந்து பார்ப்போம். நெக்ரோனி என்ற காக்டெயில் எல்லாருக்கும் தெரியும்: ஜின், காம்பாரி, இனிப்பு வெர்மூத், மூன்றும் சம பங்கு. ஒவ்வொன்றும் 30 மில்லி என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 சதவீத ஜின்னில் 12 மில்லி சாராயம், 25 சதவீதக் காம்பாரியில் 7.5, 16 சதவீத வெர்மூத்தில் 4.8. மொத்தம் 24.3 மில்லி, எடையில் சுமார் 19 கிராம். 320 மில்லி பீர் டின், 5 சதவீதம் என்றால், சுமார் 12.6 கிராம். ஆக, சின்னதாக, சிவப்பாக, ஆரஞ்சுத் தோலோடு வரும் அந்தக் கிளாஸ் ஒன்றரை டின் பீர். இரண்டாவது கிளாஸை முடித்தவர், அந்தக் காலத்துச் சம்சுப் புட்டி ஒன்றைக் கிட்டத்தட்ட முடித்தவர்தான். கல்லீரலுக்குக் கிளாஸின் வடிவம் தெரியாது. வழக்கறிஞர் குடித்தார், வெட்டுக்காரர் குடித்தார் என்ற பாகுபாடும் தெரியாது. மது புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988இலேயே முதல் பிரிவில் வைத்துவிட்டது. கசப்பு மதுவுக்குத் தனிப் பிரிவு இல்லை.

ஐந்து: சர்க்கரை நோயாளிக்கு இதை நீட்டுவது மிக ஆபத்தான அறியாமை. ஐரோப்பிய விதிப்படி லிக்யூர் (இனிப்பூட்டிய மது) என்ற பெயரில் விற்க, பெரும்பாலான வகைகளில் லிட்டருக்குக் குறைந்தது 100 கிராம் சர்க்கரை இருக்க வேண்டும். நம் மேசைக்கு வரும் சிவப்பு, ஆரஞ்சுப் புட்டிகளில் அதைவிட நிறையவே இருக்கிறது. அவ்வளவு சர்க்கரை இல்லாமல் அவ்வளவு கசப்பை யாராலும் குடிக்க முடியாது. கசப்பு அங்கே சர்க்கரைக்குத் திரை. பாகற்காயை நம்புகிறவர் அதே நம்பிக்கையில் பாகு குடிக்கிறார்.

அடுத்த ஆபத்து எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. சாராயத்தை உடைக்கும் வேலையில் இருக்கும் கல்லீரல், ரத்தத்துக்குச் சர்க்கரையை விடுவிக்கும் வேலையில் பின்தங்கும். இன்சுலின் போட்டவர், சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரை போட்டவர், வெறும் வயிற்றில் குடித்தால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடக்கூடும். தள்ளாட்டம், வியர்வை, குழறல்: பார்க்கிறவர்கள் போதை என்று விட்டுவிடுவார்கள். உணவுக்கு முன், வெறும் வயிற்றில் என்பதுதான் இந்த மதுவின் அழைப்பே. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், மலேசியப் பெரியவர்களில் 18.3 சதவீதம் பேருக்கு நீரிழிவு; இந்தியர்களில் அது 31.4 சதவீதம். மூன்றில் ஒருவர் என்று சொல்லத்தக்க அளவு. பத்துப் பேர் அமர்ந்த விருந்து மேசையில் மூன்று பேருக்கு அந்த நோய் இருக்கலாம் என்ற நினைப்பு இல்லாமல், ‘ஒண்ணும் செய்யாது’ என்று சொல்ல யாருக்கு உரிமை உண்டு?

ஆறு: “அப்படியானால் தொடவே கூடாது என்கிறாயா?” இந்தக் கேள்வி எப்போதும் வரும், அதுவும் ஒரு தப்பிக்கும் வழியாக. தொடாதவர் தொடாமலே இருக்கட்டும். அவருக்கு இந்தப் புட்டி எதையும் தரப்போவதில்லை. குடிக்கிறவருக்கு நான் சொல்வது வேறு. கசப்பை ருசியாக எடுத்துக்கொள்ளுங்கள். ருசியாக எடுத்துக்கொண்டால்தான் அதைச் சரியாகக் கையாளவும் வரும்.

இதற்கு நல்ல உதாரணம் நம் நாட்டிலேயே பிறந்தது. 1970களில் கோலாலம்பூர் ஹில்டனின் ஏவியரி பாரில் ஜெஃப்ரி ஓங் உருவாக்கிய ஜங்கிள் பேர்ட், இன்று உலகெங்கும் பார்களில் கிடைக்கிறது. 1989இல் அமெரிக்கப் புத்தகம் ஒன்றில் அச்சான அதன் அளவுகள் ஏறத்தாழ இப்படி: கறுப்பு ரம் 45 மில்லி, காம்பாரி 22, அன்னாசிச் சாறு 120, எலுமிச்சைச் சாறு 15, சீனிப்பாகு 15. அதில் காம்பாரியின் இடத்தைக் கவனியுங்கள். ரம்மின் வெல்ல வாசனையும் அன்னாசியின் இனிப்பும் சேர்ந்து திகட்டப் போகும் இடத்தில் கசப்பு வந்து பிடித்து நிறுத்துகிறது. மாங்காய்ப் பச்சடியில் வேப்பம்பூ செய்கிற வேலை அது. 22 மில்லியைத் தாண்டினால் அன்னாசி செத்துவிடும், குறைத்தால் வெறும் பழச்சாறு. கலக்குகிறவரின் கை தேர்ந்திருக்கிறதா என்று அந்த ஓர் அளவில் தெரிந்துவிடும். டின் அன்னாசி வேண்டாம்; சந்தையில் வாங்கிய பழத்தைப் பிழிந்தால் நுரை நிற்கும். எலுமிச்சைக்குப் பதில் லிமாவ் கஸ்தூரி பொருந்தும், புளிப்பு மென்மையாக இருப்பதால் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். கசப்பு மிஞ்சினால் சீனி சேர்க்காதீர்கள், ஒரு சிட்டிகை உப்பு போதும். உப்பு கசப்பை நாக்கில் அமுக்கும். ஆசாம்போய் ஒன்றைப் போட்டு வைத்தாலும் அதே வேலை நடக்கும்.

அந்தக் கிளாஸிலும் 18 கிராமுக்கு மேல் சாராயமும் 20 கிராமைத் தாண்டிய சர்க்கரையும் உண்டு. ருசியை மட்டும் தேடுகிறவருக்கு இதைவிட எளிய வழி இருக்கிறது. உயரமான கிளாஸ் நிறைய ஐஸ்கட்டி, அளவுக் குவளையில் அளந்த 25 மில்லி காம்பாரி, 150 மில்லி சோடா, ஒரு துண்டு ஆரஞ்சு. சாராயம் சுமார் 5 கிராம், கசப்பு முழுசாக. கண்ணளவில் ஊற்றினால் 25 மில்லி எளிதில் 50 ஆகும். அளவுக் குவளை சில வெள்ளிக்குக் கிடைக்கிறது. குடிக்காதவருக்கு டானிக் தண்ணீரில் லிமாவ் கஸ்தூரி பிழிந்து உப்புப் போட்டுக் கொடுங்கள். கசப்பு அவருக்கும் கிடைக்கும். இனிப்புநீர் உள்ளவர் என்றால் சீனியில்லாத டானிக்காகப் பார்த்து வாங்குங்கள், சாதாரண டானிக்கில் சீனி நிறைய இருக்கிறது.

ஊற்றித் தருகிறவருக்கு ஒரு கடமை உண்டு: என்ன தருகிறோம் என்று சொல்வது. ‘இது மூலிகை’ என்று சொல்லாமல் ‘இது சாராயம், இவ்வளவு இருக்கிறது’ என்று சொல்லுங்கள். அப்போதுதான் மாத்திரை போடும் மாமா யோசிப்பார், பால் கொடுக்கும் அக்காள் கிளாஸைத் தள்ளிவைப்பார். விருந்து முடிந்து செர்டாங்குக்குக் காரில் திரும்ப வேண்டியவர் சாவியை வேறொருவர் கையில் கொடுப்பார். 2020 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் என்பதே வரம்பு, முன்பு 80 இருந்தது. அந்த வரம்பு கசப்பு மதுவைக் குடித்தவருக்கும் அதேதான்.